தலைக்கு எண்ணெய் காய்ச்சுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் ஒரு கண்ணாடிப் புட்டியோடு வாசலில் வந்து நின்றார். அவரே காய்ச்சிய கரிசலாங்கண்ணி எண்ணெய் பச்சைப் பசேலென்று பார்க்க அழகாகத்தான் இருந்தது. "கலர் நல்லா எறங்கியிருக்கு இல்லக்கா?" என்று கேட்டார். புட்டியைச் சாய்த்துப் பார்த்தேன். அடியில் கலங்கலாக ஒரு படலம் மெதுவாக நகர்ந்தது. பதினேழு ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழை, அதே நிறத்தில், அதே பெருமிதத்தோடு என் கைக்குத் திரும்பி வந்திருந்தது.

எண்ணெய் தேய்த்த காலோடு குளியலறையில் நடப்பது, சீயக்காயைக் கண்ணில் விட்டுக்கொள்வது போன்றவற்றை எவரும் ஒரே முறையில் கற்றுக்கொள்வார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

நீர் வற்றும் முன்னே அடுப்பை அணைப்பது

இலைச்சாற்றில் பெரும்பகுதி தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் சட்டியில் இருக்கும்வரை கலவையின் சூடு 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். அடுப்பு தரும் வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்கவே செலவாகிறது. அதனால்தான் நெடுநேரம் எதுவுமே நடவாதது போல் சட்டி கொதித்துக்கொண்டிருக்கும். நீர் தீர்ந்ததும் சூடு மளமளவென்று ஏறத் தொடங்கும். அந்தச் சில நிமிடங்களில் கவனம் பிசகினால் சக்கை கருகி, எண்ணெய் முழுவதும் தீய்ந்த வாடை ஏறிவிடும். கருகிவிடுமோ என்ற இந்த அச்சம்தான், பச்சை நிறம் இறங்கிய கையோடு புதியவர்களை அடுப்பை அணைக்கச் செய்கிறது. நிறம் தொடக்கத்திலேயே இறங்கிவிடும் என்பதும், பதம் வருவது அதற்கு வெகுநேரம் கழித்துத்தான் என்பதும் அவர்களுக்குத் தெரிவதில்லை.

நான் முதன்முதலாகக் காய்ச்சியது ஒரு தீபாவளிக்காக. மூன்று லிட்டர் செக்குத் தேங்காய் எண்ணெய் வாங்கி, கரிசலாங்கண்ணியும் கறிவேப்பிலையும் அரைத்துப் பிழிந்த சாற்றை ஊற்றி, அரை மணி நேரத்திலேயே இறக்கி, சூட்டோடு வடிகட்டி, ஏழு வீடுகளுக்குக் கொடுப்பதற்காகப் புட்டிகளில் அடைத்து இறுக மூடிவிட்டேன். சிறிது நேரத்தில் மூடிகளின் உட்புறம் முத்து முத்தாக வியர்த்ததைப் பார்த்தும் அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை. ஏற்கெனவே நீர் வற்றாத எண்ணெயில், அந்த வியர்வையும் சொட்டுச் சொட்டாகத் திரும்ப இறங்கியது. தங்கிவிட்ட ஈரமும் இலைச்சாற்றின் மிச்சமும் சேர்ந்து எண்ணெயைக் கெடுக்கும். மூன்றே வாரத்தில் காறல் வாடை கிளம்பியது. என் நாத்தனார் புட்டியைத் திருப்பிக் கொடுத்தபோது, "அண்ணி, தலையணை உறையை ரெண்டு தடவை தோய்ச்சும் வாடை போகலை" என்று மட்டும் சொன்னார். மற்ற ஆறு வீட்டாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த தீபாவளிக்குக் கேட்கவும் இல்லை.

பதம் பார்க்கக் காதும் விரலும் போதும். நீர் இருக்கும்வரை சட்டியில் சலசலப்பு கேட்டுக்கொண்டே இருக்கும். அது அடங்கி, மேலே மெல்லிய நுரை எழும்பினால் முடிவு நெருங்கிவிட்டது என்று கொள்ளலாம். நெய் உருக்கிப் பழகியவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். நெய்யில் நுரை அடங்கினால் பதம், எண்ணெயில் நுரை எழும்பினால் பதம் என்பது பழைய கணக்கு. அடுத்து, அடியில் தங்கிய மண்டியைக் கரண்டியில் எடுத்து, ஆறியபின் விரல்களுக்கிடையே உருட்டிப் பார்க்க வேண்டும். சேறு போல் ஒட்டினால் நீர் இருக்கிறது. மெழுகு போல் திரண்டால் பதம் வந்துகொண்டிருக்கிறது. மணல் போல் உதிர்ந்தால் அதற்கு மேல் ஒரு நிமிடமும் அடுப்பில் இருக்கக் கூடாது. சித்த மருத்துவர்கள் மெழுகு பதம், மணல் பதம் என்று பிரித்துச் சொல்வது இதைத்தான். கடைசியாக, உருட்டிய மண்டியைத் திரி போல் நீட்டி, சட்டியை விட்டுத் தள்ளி நின்று நெருப்பில் காட்டுங்கள். படபடவென்று வெடித்தால் ஈரம் மிச்சம் இருக்கிறது. ஓசையின்றி எரிந்தால் இறக்கிவிடலாம். இறக்கியதைத் துணியால் வடிகட்டி, நன்றாக ஆறும்வரை மெல்லிய துணியை மட்டும் போர்த்தி வைத்து, அதன் பிறகே ஈரமில்லாத புட்டியில் ஊற்றி மூட வேண்டும்.

பத்தே நிமிடத்தில் கூந்தல் தைலம் என்று காணொளியில் காட்டுகிறவர்கள்மீது எனக்கு இன்னும் கோபம் உண்டு. மூன்று வாரம் கழித்து அந்தப் புட்டியை அவர்கள் ஏன் ஒருமுறைகூடத் திறந்து காட்டுவதில்லை?

புதிதாகக் குடிவந்தவரின் எண்ணெய் காய்ச்சி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது, காறவில்லை. அடியில் இருந்த கலங்கலை ஒதுக்கிவிட்டு, மேலிருந்ததை வாணலியில் ஊற்றிச் சிறு தீயில் வைத்தோம். ஏறக்குறைய இருபது நிமிடம் அது சலசலத்ததைக் கேட்டபோது அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. காறிப்போன பிறகு என்றால் இந்த வைத்தியமும் பலிக்காது.

சூடான எண்ணெயில் சாற்றை ஊற்றுவது

பொங்கி வழியும், முகத்தில் தெறிக்கும். இரண்டும் ஆறிய நிலையிலேயே ஒன்றாக அடுப்பேற வேண்டும்.

ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரம்

கூடாது. செம்பு கலந்த உலோகம் எண்ணெயை விரைவில் காற வைக்கும்.

பொடுகுக்கு மேலும் எண்ணெய்

தலையில் செதில் உதிர்ந்தால் வறட்சி என்று எண்ணி, இரவெல்லாம் எண்ணெயை ஊற வைக்கிறார்கள். பொடுகோடு தொடர்புடைய மலாசீசியா என்னும் பூஞ்சை எல்லோருடைய தோலிலும் இருப்பதுதான். அது எண்ணெய்ப் பசையை உண்டு பெருகும். எண்ணெய் தேய்த்தால் செதில் படிந்துபோய், குறைந்தது போல் தோன்றும். இரண்டு நாளில் கூடுதலாகத் திரும்பும். அரிப்பும் சிவப்பும் இருந்தால் எண்ணெயை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பார்ப்பதே முறை.

குழந்தையின் மூக்கில் எண்ணெய்ச் சொட்டு

எந்தப் பாட்டி சொன்னாலும் வேண்டாம். அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடும்.

ஈரச் சீயக்காயும் மிளகாய் அரைத்த மாவு மில்லும்

எண்ணெயில் செய்யும் அதே பிழையைப் பொடியிலும் செய்கிறார்கள். சீயக்காய், வெந்தயம், பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு ஆகியவற்றை ஒரே நாள் வெயிலில் காட்டிவிட்டு அரைவைக்கு எடுத்துப் போனால் பொடி கட்டி தட்டும், பூச்சி விழும். சீயக்காயை ஒடித்தால் டக்கென்று ஓசை வர வேண்டும். அதற்கு நல்ல வெயிலிலேயே மூன்று நான்கு நாள் ஆகும். செம்பருத்திப் பூ சேர்ப்பவர்கள் அதைத் தனியே, கையால் நொறுக்கினால் தூளாகும் அளவுக்கு உலர்த்தியபின் சேர்க்கட்டும்.

சீயக்காய்க்கென்றே தனி இயந்திரம் வைத்திருக்கும் மில்லாகப் பார்த்துப் போவது நல்லது. ஒருமுறை சோம்பல்பட்டு அருகிலிருந்த மில்லிலேயே கொடுத்து அரைத்து வந்து, மறுநாள் வடிகஞ்சியில் குழைத்துத் தலையில் தேய்த்த அடுத்த நொடி உச்சந்தலை தீயாக எரிந்தது. எனக்கு முன்னால் அரைத்தவர் கொண்டுவந்திருந்தது குண்டூர் மிளகாய். இப்போது பையை நீட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுகிறேன்: "தம்பி, இதுக்கு முன்னாடி என்னப்பா அரைச்சே?"