வெட்டையும் வேணும், காடும் வேணும்: ஸ்கீ மலை தேடுற விதம்

கனடாவில, ஸ்காபரோவில இருக்கிற என்ர பெறாமகன் போன கிழமை கோல் எடுத்தான். "சித்தப்பா, இந்தமுறை பனியில ஸ்கீ ஓட ஒரு நல்ல மலையாப் பாத்துச் சொல்லுங்கோ. மேல மரமில்லாத வெட்டையாக் கிடக்கவேணும், கீழ மரங்களுக்குள்ளாலயும் ஓடவேணும்." நான் இருக்கிறது கொக்குவில். வீட்டு மொட்டைமாடியில ஏறி நிண்டால் தெரியிற ஆக உயரமான சாமான் தண்ணித்தாங்கி. எண்டாலும் அவன் என்னட்டக் கேட்டதில ஞாயம் இருக்கு. சுவிசில, கிராவுபுண்டன் மாநிலத்தில, ஒரு ஹோட்டல் குசினியில 17 வருசம் நிண்டனான். முதல்ல கோப்பை கழுவினன், பிறகு சமைச்சன். மத்தியானச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவில கிடைச்ச மூண்டு மணித்தியாலத்தில ஸ்கீ பழகினன்.

அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லுறன்.

முதல்ல, அந்த மலையில மரம் எந்த உயரத்தோட நிக்குது எண்டு பாருங்கோ. அல்ப்ஸில கிட்டத்தட்ட 2,000 மீற்றரோட காடு முடிஞ்சிடும். அமெரிக்காவில கொலராடோவில 3,500 மீற்றர் வரைக்கும் மரம் நிக்கும். அதால "3,000 மீற்றர் உயரமான மலை" எண்டு விளம்பரத்தில கண்டு மயங்கக்கூடாது. அதே 3,000 சுவிசில மொட்டைப் பாறை, கொலராடோவில அடர்காடு. ஆக்களை மலைக்கு மேல ஏத்திற லிஃப்ற் தொடங்கிற உயரத்தையும் முடியிற உயரத்தையும் எழுதி வையுங்கோ. மரம் முடியிற கோடு அந்த இரண்டுக்கும் நடுவில விழவேணும். கோட்டுக்கு மேல ஒரு நானூறு மீற்றர், கீழ ஒரு நானூறு மீற்றர் எண்டால் எனக்குத் திருப்தி.

அடுத்தது பரப்பு. ஐரோப்பாவில "இத்தினை கிலோமீற்றர் பாதை" எண்டு சொல்லுவினம். வட அமெரிக்காவில ஏக்கரிலயும் ஹெக்டேயரிலயும் சொல்லுவினம். கனடாவின்ர விஸ்லர் பிளாக்கொம் ஸ்கீ மலை 3,307 ஹெக்டேயர். இது வெறும் அளவுகோல் வித்தியாசமில்லை. கனடாவில எல்லைக்குள்ள திறந்துவிட்ட இடமெல்லாம், பாதையோ வெட்டையோ காடோ, ரோந்துக்காரர் பாத்து, பனிச்சரிவு ஆபத்தைக் குறைக்கத் தேவையான இடத்தில வெடிவைச்சுப் பனியை விழுத்தின இடம். ஐரோப்பாவில கம்பு நட்ட பாதையை விட்டு ஒரு அடி வெளியில வைச்சால் பொறுப்பு உங்கட தலையில. சுவிசில சில காடுகள் குளிர்காலத்தில மானுக்கும் காட்டுக்கோழிக்கும் எண்டு ஒதுக்கினது, உள்ளுக்குப் போகவே ஏலாது. இது தெரியாமல் ஒருக்கா உள்ளிட்டு, கீழ வர ஒரு காவலர் மறிச்சுத் தண்டம் எழுதினார். அண்டையான் சம்பளம் அதோட சரி.

இனி வரைபடம். ஸ்கீ மலையளில தாற மடிப்பு வரைபடத்தை நம்பி இடத்தைத் தெரிவுசெய்யாதையுங்கோ. அதுகள் ஓவியங்கள். ஜேம்ஸ் நீஹியூஸ் எண்ட அமெரிக்கர் அப்பிடி எத்தினையோ மலையளைக் கையால வரைஞ்சவர். பாத்துக்கொண்டே இருக்கலாம், அவ்வளவு வடிவு. ஆனா நாலு பக்கத்தையும் ஒரு தாளில காட்டவேணுமெண்டால் மலையை வளைச்சு முறிச்சுத்தான் கீறவேணும். நான் கூகிள் ஏர்த்தைத் திறந்து கோடைகாலப் படத்தைப் பாப்பன். காடு கறுத்த கம்பளி மாதிரி ஒரே ஒட்டாத் தெரிஞ்சால் அதுக்குள்ள ஸ்கீயோட புகேலாது. தென்னந்தோட்டத்தை மேலால பாத்தமாதிரி ஒவ்வொரு மரமும் தனித்தனியா, நடுவில புல்லும் தெரிஞ்சால், அந்த இடத்தைக் குறிச்சு வையுங்கோ. சுவிசில எங்கடின் எண்ட பள்ளத்தாக்கில இருக்கிற லார்ச் மரக்காடு அப்பிடித்தான். ஜப்பானில நிசெக்கோவின்ர பேர்ச் மரக்காடும் அப்பிடித்தான்.

வெட்டைப் பக்கத்துக்குச் சரிவு பாக்கவேணும். 30 பாகைக்கு மேல போனால் பனிச்சரிவு வாற சாய்வு. சுவிஸ் அரசாங்கத்தின்ர இணைய வரைபடத்தில 30 பாகைக்கு மேற்பட்ட இடங்களை நிறம்தீட்டிக் காட்டும், சும்மா பாக்கலாம். வடக்குப் பாத்த சரிவெண்டால் வெயில் குறைய, பனி கனநாள் மாவு மாதிரி நிக்கும்.

எல்லாரும் மறக்கிறது இதைத்தான்: காட்டுக்கெண்டு தனி லிஃப்ற் இருக்கோ? காத்தடிச்சால் முதல் பூட்டுறது உச்சி லிஃப்ற். நடு மலையில, மரங்களுக்கு நடுவால போற லிஃப்ற் ஒண்டு இல்லாட்டி அண்டைக்கு நாள் முழுக்க கோப்பி குடிக்கவேண்டியதுதான்.

ஏன் இரண்டும் ஒரே மலையில வேணும் எண்டு எனக்கு ஒரு பெப்ரவரிதான் படிப்பிச்சது. உச்சி வெட்டையில நிக்கேக்க முகில் இறங்கிட்டுது. வானமும் வெள்ளை, நிலமும் வெள்ளை. நான் ஓடிக்கொண்டிருக்கிறன் எண்டு நினைச்சு பிறேக் பிடிக்க, பொத்தெண்டு விழுந்தன். பாத்தால் முன்னமே நிண்டிட்டன். பிறகு ஒரு கையுறையைக் கழட்டி முன்னால எறிஞ்சன். அது விழுந்த இடத்தில கறுப்பாத் தெரிஞ்சதுதான் நிலம். அதுமட்டும் போய், எடுத்து, திரும்ப எறிஞ்சு, இப்பிடியே மரம் தொடங்கிற இடம்வரைக்கும் வந்தன். முதல் மரத்தைக் கண்டதும் கண்ணைத் திறந்துவிட்டமாதிரி இருந்தது. வெளிச்ச நாளில வெட்டை, ஸ்நோ கொட்டுற நாளில காடு.

காட்டுக்குள்ள ஓடுறதுக்கு எங்கட பனங்கூடல் நல்ல வாத்தியார். சின்னனில சைக்கிள் உழக்கேக்க எந்தப் பனையைப் பாத்தமோ அதிலதானே போய் அடிபட்டம்? மரத்தைப் பாக்காமல் இடைவெளியைப் பாருங்கோ. ஆனா பனையில இல்லாத ஒரு ஆபத்து அங்க இருக்கு. ஊசியிலை மரத்தின்ர தாழ்ந்த கொப்புகள் பனியைத் தடுக்கிறதால அடிமரத்தைச் சுத்தி மறைவாக் கிணறு மாதிரி ஒரு குழி கிடக்கும். தலைகீழா விழுந்தால் தனிய வெளியில வாறது பெரும்பாடு, மூச்சடைச்சுச் செத்தவை இருக்கினம். சோடியாப் போங்கோ, ஆளை ஆள் கண்ணில வைச்சிருங்கோ, ஸ்கீக் கம்பின்ர வாரைக் கையில மாட்டாதையுங்கோ, சட்டைச் சிப்பில ஒரு விசில் கொழுவுங்கோ.

ரொறொன்ரோக்காரருக்கு: கிட்ட இருக்கிற புளூ மவுண்டன் உச்சியில இருந்து அடிவரைக்கும் 220 மீற்றரளவு இறக்கம்தான், பழக நல்லது. கியூபெக்கில ல மஸிஃப் 770 மீற்றர், காட்டோட்டம் அருமை, வெட்டை இல்லை. இரண்டும் வேணுமெண்டால் மேற்கைதான், பிரிட்டிஷ் கொலம்பியாப் பக்கம், போகவேணும். ரெவல்ஸ்ரோக் 1,713 மீற்றர் இறக்கம், முழங்கால் நல்லா இருக்கிறவைக்கு. ஃபேர்னியில கிண்ணம் மாதிரிக் குழிஞ்ச வெட்டை ஐஞ்சு, கீழ காடு. எனக்கு அதுதான் பிடிச்சது.

பெறாமகன் பெப்ரவரிக்கு ஃபேர்னி புக் பண்ணிட்டான். இஞ்ச இரவு ஒன்பதரை எண்டால் அங்க காலமை ஒன்பது. விசிறிக்குக் கீழ இருந்து அந்த மலைக் கமராவைப் பாக்கிறன். நேற்று உச்சி தெரியேல்ல, காட்டு லிஃப்ற் ஓடுது.