சார்ட் பழக எந்தச் சந்தை வேண்டாம்

பிரிக்பீல்ட்ஸ் மாமாக் கடையில் தே தாரேக்கை ஆறவிட்டு கைப்பேசியில் பங்கு சார்ட்டின் கேண்டில் (விலை ஏறி இறங்கியதைக் காட்டும் பச்சை, சிவப்புப் பட்டை) பார்த்துக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன். கையில் இருந்தது 500 வெள்ளி. 6 காசு கவுண்டர் (பங்கு) என்றால் எண்பது லாட் (ஒரு லாட் 100 பங்கு) வாங்கலாமே என்று கணக்குப் போட்டேன்.

கணக்கு சரி, சார்ட் படிப்புதான் நடக்கவில்லை. மலேசியப் பங்குச் சந்தையான புர்சாவில் 1 வெள்ளிக்குக் கீழே உள்ள பங்கு அரைக் காசு அரைக் காசாகத்தான் நகரும். 6 காசு 6.5 ஆனால் ஒரே படியில் 8 விழுக்காட்டுக்கு மேல். 5 வெள்ளிப் பங்குக்கு ஒரு படி 1 காசு, அதாவது 0.2 விழுக்காடு. என் 6 காசு பங்கு இன்று 6.5, நாளை 6, மறுநாள் மறுபடி 6.5 என்று ஊஞ்சலாடியது. சார்ட்டில் ஆளுயரப் பச்சைக் கேண்டில், அதை விழுங்கும் சிவப்புக் கேண்டில். விலையின் வேகத்தை அளக்கும் ஆர்எஸ்ஐ இண்டிகேட்டர் தலைகீழாகக் குதித்தது. படித்த உருவமெல்லாம் அதில் தெரிந்தது எனக்கு. நடந்ததோ இவ்வளவுதான்: வாங்குபவர் சொன்ன 6 காசுக்கு ஒருவர் விற்றார், விற்பவர் கேட்ட 6.5 காசுக்கு இன்னொருவர் வாங்கினார். 3 விழுக்காட்டில் ஸ்டாப் லாஸ் (நட்டம் அதற்கு மேல் போகாமல் விற்றுவிடும் விலை) வைக்கலாம் என்றால், வைக்க அங்கே படியே இல்லை. இதில் யாராவது கோரெங் செய்ய (விலையைச் செயற்கையாக ஏற்றி விற்றுவிட்டுப் போக) வந்துவிட்டால் எந்த இண்டிகேட்டரும் உதவாது.

வாரண்டும் (ஒரு பங்கைக் குறித்த தேதிக்குள் குறித்த விலைக்கு வாங்கும் உரிமை) வேண்டாம். தாய்ப்பங்கு அசையாமல் இருந்தாலும், காலாவதித் தேதி நெருங்க நெருங்க அதன் விலை கரையும். இறங்குவது ட்ரெண்டா தேய்மானமா என்று புதியவருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

இதற்கு நேரெதிரான தவறு செம்பனை எண்ணெய் ஃபியூச்சர்ஸ் (பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தம்). தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் செம்பனை என்றாலே ஒரு உரிமை வந்துவிடும். சார்ட்டும் உயிரோட்டமானதுதான், ஆலைக்காரர்கள் முதல் வணிகர்கள் வரை புழங்கும் சந்தை. ஆனால் ஒரு ஒப்பந்தம் 25 டன். டன்னுக்கு 1 வெள்ளி மாறினால் உங்களுக்கு 25 வெள்ளி. ஒரே நாளில் 40 வெள்ளி ஏறி இறங்குவது அங்கே அதிசயமில்லை. அது 1,000 வெள்ளி. இரவில் சிக்காகோ சோயா எண்ணெய் சரிந்தால் காலையில் இங்கே இடைவெளியோடு திறக்கலாம், ஸ்டாப்பைத் தாண்டியே. சார்ட்டைத் தாராளமாகப் பாருங்கள், தாளில் வாங்கி விற்றுப் பழகுங்கள். பணம் பிறகு.

ஃபோரெக்ஸ் (நாணய வணிகம்) பற்றி ஒரே வரி: உரிமம் இல்லாதவரிடம் வெளிநாட்டு நாணயம் வாங்கி விற்பது இங்கே சட்டப்படி குற்றம். டெலிகிராமில் யார் அழைத்தாலும் முதலில் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் எச்சரிக்கைப் பட்டியலைப் பாருங்கள்.

நேரத்தையும் யோசிக்க வேண்டும். பகலில் வேலை என்பதால் பலர் அமெரிக்கச் சந்தைக்குப் போகிறார்கள். அது நமக்கு இரவு 9.30க்குத் திறக்கும், அங்கே குளிர்காலம் என்றால் 10.30க்கு. ஐந்து நிமிட சார்ட்டோடு ஒரு மணி வரை விழித்துவிட்டு, காலை எல்ஆர்டியில் தூங்கி வழிவதில் என்ன கற்க முடியும்? புர்சாவில் மணிநேர சார்ட் பார்த்தாலும் சிக்கல்தான்: 12.30 முதல் 2.30 வரை சந்தைக்குச் சாப்பாட்டு இடைவேளை, நடுவில் ஒரு கேண்டில் அரைகுறையாக நிற்கும்.

நான் கடைசியில் தங்கிய இடம், புர்சாவின் பெரிய நிறுவனங்களின் குறியீடான கேஎல்சிஐயின் 30 கவுண்டர்களில் மூன்று, தினசரி சார்ட், மாலை 5 மணிக்குப் பிறகு அரை மணி நேரம். சலிப்பான வேலைதான். வங்கிப் பங்கை எடுத்தால் டிவிடெண்ட் (லாபத்தில் பங்குதாரருக்குத் தரும் தொகை) தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். எக்ஸ் தேதியன்று (அன்று முதல் வாங்குபவருக்கு அந்த டிவிடெண்ட் கிடையாது) விலை ஏறக்குறைய டிவிடெண்ட் அளவுக்குக் கீழே திறக்கும். முதல் முறை அதைச் சரிவு என்று நினைத்துப் பதறி விற்றுவிட்டேன். சில வாரம் கழித்து டிவிடெண்ட் மட்டும் கணக்கில் வந்து விழுந்தது.