‘இன்னும் பத்து நிமிஷம்தான்’: கோடையில் மொட்டை மலை ஏறுகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன ஞாயிறு காலை ஏழே முக்காலுக்கு நான் இறங்கி வந்து அடிவாரப் புளியமரத்தடியில் ஷூவுக்குள் புகுந்த பொடிக்கல்லைத் தட்டிக்கொண்டிருந்தபோது, சென்னைப் பதிவெண்ணோடு இரண்டு கார்கள் வந்து நின்றன. மொத்தம் ஒன்பது பேர், ஆளுக்கு ஒரு அரை லிட்டர் பாட்டில், ஒருவர் கழுத்தில் கேமரா. “அண்ணா, உச்சிக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்?” என்று கேட்டார்கள். இறங்க எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. மே மாதம் எட்டு மணிக்கு ஏற ஆரம்பிக்கிறவர்களிடம் என்ன சொல்வது? சொன்னேன், சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் எனக்கு யாராவது சொல்லியிருந்தால் நானும் அப்படித்தான் சிரித்திருப்பேன்.

நான் பெரிய மலையேறி எல்லாம் இல்லை. நகரியில் விசைத்தறி ஓட்டுகிற குடும்பம், ஞாயிற்றுக்கிழமை தறி நின்றால் மலை, அவ்வளவுதான். திருத்தணி தாண்டித் திருப்பதி ரோட்டில் போனால் நகரி, புத்தூர் பக்கம் கண்ணில் படும் பாறை மலைகள் இருக்கிறதே, அவற்றில் ஒன்றைத்தான் சொல்கிறேன். பெயர் சொல்லமாட்டேன். சொன்னால் அடுத்த வாரம் புளியமரத்தடியில் நாற்பது பைக் நிற்கும். தொப்பி போடுங்கள், தண்ணீர் எடுத்துப் போங்கள் என்பதையெல்லாம் உங்கள் அம்மாவே சொல்லியிருப்பார், அதை விட்டுவிடுகிறேன்.

இது பாலைவனமில்லை, ஆந்திர எல்லைதானே என்று நினைக்கலாம். கத்திரி வெயிலில் முள்ளும் பாறையும் காய்ந்த காற்றும் மட்டும் இருக்கிற சரிவில் நிற்கும்போது உடம்புக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. அமெரிக்காவில், அரிசோனா பாலைவனத்தில் இருக்கும் ஃபீனிக்ஸ் நகரத்துக்குள்ளேயே கேமல்பேக் என்று ஒரு செங்குத்தான மலை இருக்கிறது. கடும் வெப்ப எச்சரிக்கை வந்தால் அதன் பாதைகளைப் பகல் நேரத்தில் மூடிவிடும் வழக்கத்தை 2021-ல் கொண்டுவந்தார்கள். நம் மலையை மூட யாரும் வரமாட்டார்கள், நாமே மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

மேலே போனால் குளிரும் என்ற நினைப்பு

ஊட்டி போய்வந்த பழக்கம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். இங்கே நீங்கள் ஏறுவது நானூறு மீட்டர், கணக்குப் போட்டால் இரண்டரை டிகிரி. அதை ஏறி முடிப்பதற்குள் சூரியன் அதைவிட அதிகமாக ஏற்றிவிட்டிருக்கும். இன்னொன்று, செய்தியில் திருத்தணி 41 டிகிரி என்று சொன்னால், அது காற்றோட்டமான மரப்பெட்டிக்குள், நிழலில், தரையிலிருந்து நாலடி உயரத்தில் இருக்கும் வெப்பமானி காட்டிய கணக்கு. நீங்கள் நடக்கப்போவது பெட்டிக்குள் இல்லை.

“அலிபிரியே ஏறியிருக்கேன் சார்”

ஏறியிருப்பீர்கள். திருமலைக்குப் போகும் அந்தப் பாதையில் 3,550 படி, பெரும்பகுதிக்குக் கூரை, வழியெல்லாம் தண்ணீர்க் குழாய், கடை. நல்லது.

“இன்னும் பத்து நிமிஷம்தான்”

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

என் மனைவியின் தம்பி அப்போது சென்னையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தான். மே மாதம், லீவுக்கு வந்தவனை மலைக்குக் கூட்டிப் போனேன். ஐந்தரைக்கு ஏற ஆரம்பித்து ஏழரைக்கு உச்சி, ஒன்பதுக்கெல்லாம் கீழே, இதுதான் திட்டம். பைக் பஞ்சர், அப்புறம் டீ, அப்புறம் அவன் செல்போனை வீட்டில் மறந்துவிட்டு வந்தது என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து, ஏற ஆரம்பித்தது ஏழு பத்துக்கு. தவறு அங்கேயே நடந்துவிட்டது. கிளம்பிய நேரம் தள்ளிப்போனபோது நான் உச்சியைக் குறைக்கவில்லை, மொத்தத் திட்டத்தையும் அப்படியே தூக்கி வெயிலுக்குள் வைத்துவிட்டேன்.

எட்டே முக்காலுக்கு அவன் முதல் தடவை கேட்டான், “மாமா, போதுமே, திரும்பலாமா?” நான் சொன்னேன், இன்னும் பத்து நிமிஷம்தான்டா. மலை ஏறுகிற ஒவ்வொரு கூட்டத்திலும் இதைச் சொல்வதற்கென்றே ஒரு ஆள் இருப்பான். கெட்ட எண்ணமில்லை, உற்சாகப்படுத்துகிறானாம். இப்போதும் யாராவது சொல்லிக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஏனென்றால் அது நேரம் பற்றிய தகவலே இல்லை. ‘நீ சொல்வதை நான் கேட்கப்போவதில்லை’ என்பதை இனிப்புத் தடவிச் சொல்வதுதான். ஒன்பதே காலுக்கு மறுபடி கேட்டான், மறுபடி அதே பத்து நிமிஷம். உச்சியைத் தொட்டபோது மணி ஒன்பது ஐம்பது.

அங்கே எடுத்த போட்டோ இன்னும் என் போனில் இருக்கிறது. நீலச் சட்டை, நெஞ்சுக்குக் குறுக்கே வரப்பு கட்டியதுபோல வெள்ளையாக உப்புக் கோடு, சட்டை காய்ந்து மொடமொடவென்று நிற்கிறது. சென்னைக்காரர்களுக்கு இது புரிவதே இல்லை. அங்கே ஈரக்காற்று, வியர்வை ஊற்றும், உடனே தெரியும். இங்கே காற்று காய்ந்தது, வியர்வை தோலுக்கு வந்ததும் பறந்துவிடும். சட்டை நனையாததால் வியர்க்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டு குடிக்கவும் மாட்டார்கள். நானும் அன்று, “பரவாயில்லையே, உனக்கு வியர்க்கவே இல்லை” என்று பாராட்டினேன்.

ஏன் அந்த ஒரு மணி நேரம் இவ்வளவு பெரிய விஷயம் என்றால், ஏறும்போது தசை செலவழிக்கிற சக்தியில் முக்கால்வாசி வெறும் சூடாகத்தான் உடம்புக்குள் சேர்கிறது. காற்று தோலைவிடச் சூடாகிவிட்டால் அந்தச் சூட்டை வெளியே தள்ள வியர்வையைத் தவிர வேறு வழியில்லை. அந்த வெயிலில் மணிக்கு ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர்கூட வியர்க்கும். வயிறும் குடலும் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர்தான் உள்ளே வாங்கும். ஆக, முதுகில் பத்து லிட்டர் சுமந்து போனாலும், தாமதித்த ஒரு மணி நேரத்தைத் தண்ணீரால் ஈடுகட்ட முடியாது. போதாததற்கு எங்கள் பாதை கிழக்குச் சரிவு, விடிந்ததிலிருந்து வெயில் அதன்மேல்தான். பத்து மணிக்குப் பாறை கீழேயிருந்தும் சுடுகிறது, தொப்பி மேலே மட்டும்தானே மறைக்கும்.

இறங்குவது சுலபம் என்ற கணக்கும் பொய். காய்ந்த சரிவில் பொடிக்கல் காலுக்கடியில் கேழ்வரகு கொட்டின தரை மாதிரி உருளும், களைத்த தொடை நடுங்கும், ஒவ்வொரு அடியும் பார்த்து வைக்க வேண்டும். பாதி இறங்கும்போது அவன், “மாமா, வண்டிச் சாவி உங்ககிட்டதானே?” என்றான். ஆமாம் என்றேன். கொஞ்ச தூரம் போய் மறுபடி அதே கேள்வி. மூன்றாவது தடவை கேட்டபோது நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. அப்புறம் அவன் ஒரு பாறையில் கையை ஊன்றி உட்கார்ந்தான். எழுப்பப் போன நான் அதே பாறையில் கை வைத்தேன், ஒரு நொடிகூட வைக்க முடியவில்லை. அவன் உள்ளங்கை அதிலேயே இருந்தது. சுடுவது அவனுக்குத் தெரியவில்லை.

என் பையில் முக்கால் லிட்டர் தண்ணீர் இருந்தது. குடிக்க வேண்டுமே என்று பத்திரமாக வைத்துக்கொண்டு, அவன் வாயில் புகட்டப் பார்த்தேன். ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருத்தர் சரிவில் ஓடி வந்து பாட்டிலைப் பிடுங்கி அவன் தலையிலும் கழுத்திலும் நெஞ்சிலும் ஊற்றினார். தன் துண்டை நனைத்துப் போர்த்தி, குடையை மடக்கி அதையே விசிறியாக வீசினார். வீசிக்கொண்டே தெலுங்கில் என்னைத் திட்டினார். நகரிக்காரனுக்கு எல்லாம் புரிந்தது. அவர் செய்ததுதான் சரியான வைத்தியம் என்று பிறகு டாக்டர் சொன்னார். பேச்சு குழறினால், கேட்டதையே கேட்டால், நடை தள்ளாடினால் அது வெப்ப மயக்கத்தைத் தாண்டிவிட்டது, உள்சூடு நாற்பதைத் தொட்டிருக்கலாம். அந்த நேரத்தில் வியர்வை வருகிறதா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, வியர்த்துக்கொண்டேகூட ஆள் விழுவான். முதலில் நிழலுக்கு இழுத்து, நனைத்து, விசிறுங்கள், தூக்கிக்கொண்டு ஓடுவது அப்புறம். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஜுரத்துக்குப் போடுகிற பாராசிட்டமால் இதற்கு உதவாது.

ஐந்து நாள் ஆஸ்பத்திரி. கோலா நிறத்தில் சிறுநீர், தசை உடைந்து சிறுநீரகத்தில் போய் அடைக்கிறதா என்று தினமும் ரத்தப் பரிசோதனை. புது வேலையில் இரண்டு வாரம் மட்டம். என் மாமியார் ஒரு வருஷம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிழைத்துக்கொண்டான்.

இப்போது என் வழக்கம் இது. கோடையில் எட்டரைக்கு அடிவாரத்தில் இருக்க வேண்டும், அதனால் ஏழேகாலுக்கு எங்கே நின்றாலும் திரும்பல். அந்த நேரத்தைக் கிளம்பும் முன்பே பேனாவால் எல்லார் புறங்கையிலும் எழுதிவிடுகிறேன். தாமதமாகக் கிளம்பினால் குறைவது உச்சி மட்டும்தான், ஏழேகால் நகராது. கூட்டத்தில் யார் மெதுவாக நடக்கிறாரோ அவர் கையில்தான் கடிகாரம். அவர் போதும் என்றால் எல்லாருக்கும் போதும். உச்சிக்கு நூறடி கீழே நின்று திரும்பியிருக்கிறேன். கடுப்பாகத்தான் இருக்கும்.

தண்ணீரை மிச்சம் பிடிப்பது

பாட்டிலில் இருக்கும் தண்ணீர் உடம்புக்கு உதவாது, தாகத்துக்குக் குடித்துவிடுங்கள். பாதித் தண்ணீர் தீர்ந்தால், எங்கே நின்றாலும், மணி என்னவானாலும் திரும்ப வேண்டியதுதான். வெறும் தண்ணீரையே மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தாலும் வம்பு, ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் அதற்கும் தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். ஓ.ஆர்.எஸ். பொடியை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்குகிறவர்களைப் பார்க்கிறேன். பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கானது, முழுசாக ஒரு லிட்டரில் கலக்குங்கள். அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்புப் பானம் ஓ.ஆர்.எஸ். ஆகாது. அந்தப் பெயரைப் பானங்களின் மேல் போடக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2025-ல் சொல்லியாயிற்று. எனக்கு உப்புப் போட்ட நீர்மோர், ஒரு கீற்று கிளிமூக்கு மாங்காய். கிளம்பும் முன் ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ்.

“மேலே கோனா இருக்கே”

கைலாசகோனா, தலக்கோனா என்று கேட்டுப் பழகிய காதுக்குக் கோனா என்றாலே அருவிதான். கோனா என்பது மலை இடுக்கு. கோடையில் பல இடுக்குகளில் பாசி படிந்த ஒரு குட்டைதான் மிஞ்சும், அதிலும் ஆடு, பன்றி எல்லாம் இறங்கியிருக்கும். அதை நம்பிப் பாட்டிலைக் காலி செய்யாதீர்கள், ஆழம் தெரியாமல் குதிக்கவும் வேண்டாம்.

ராத்திரியே ஏறிவிடலாம் என்ற யோசனை

வெயிலுக்குச் சரியான யோசனைதான், ஊருக்குத்தான் சரிப்படாது. இது செம்மரம் விளைகிற பூமி. அனுமதி இல்லாமல், தலையில் டார்ச் கட்டிக்கொண்டு, தமிழ் பேசிக்கொண்டு நாலு பேர் காட்டில் திரிந்தால் வனத்துறைக்கு நீங்கள் யாராகத் தெரிவீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். கரடியும் உண்டு. அனுமதி வாங்குங்கள், விடிகிற வெளிச்சத்தில் ஏறுங்கள்.

மாத்திரை

பிரஷருக்கு நீர் மாத்திரை எடுப்பவர்கள், சளி, அலர்ஜி மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு வாருங்கள். முதலாவது உடம்பின் நீரை இறக்கும். இரண்டாவதில் சில வகை வியர்வையையே குறைக்கும்.

முதல் நாள் ராத்திரி சரக்கு

வராதீர்கள்.

பரண்மேல் கிடந்த பழைய ஷூ

பாறைச் சூட்டில் சோல் வாயைப் பிளக்கும். இங்கே கால் பிசகினால் புத்தூர் கட்டு பக்கத்திலேயே இருக்கிறது என்று ஆறுதல் வேண்டுமானால் பட்டுக்கொள்ளலாம்.

சென்ட் அடித்துக்கொண்டு வருவது

பாறை விளிம்பில் மலைத்தேனீ.

108-க்குப் போன் போட்டு, “மலைமேல இருக்கோம்” என்பது

இரண்டு மாநிலத்துக்கும் அதே எண்தான். எல்லையில் எந்த டவர் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. ஆந்திராவா தமிழ்நாடா, எந்த மண்டலம் (ஆந்திராவில் நம் தாலுகா மாதிரி), அடிவாரத்தில் எந்த ஊர், எந்தக் கோயில் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். போனை வெயிலில் பிடித்துக்கொண்டே நடந்தால் சூடாகி அணைந்துவிடும், ஈரத் துண்டில் சுற்றிப் பைக்குள் வையுங்கள்.

குடையைக் கிண்டல் செய்வது

பருத்தி கூடாது, குடை கூடாது என்பதெல்லாம் குளிர்நாட்டு மலைக்காரர்கள் சொன்ன பாடம். காய்ந்த வெயிலில் நனைத்த பருத்தித் துண்டை மிஞ்ச ஒன்றுமில்லை. மரமே இல்லாத சரிவில் நிழலைக் கையோடு கொண்டுபோக ஒரே வழி குடைதான், அந்தப் பெரியவர் வாழ்நாளெல்லாம் அதோடுதான் ஏறி இறங்குகிறார். செங்குத்தான இடத்தில் மடக்கிவிடுங்கள், இரண்டு கையும் வேண்டும்.

மச்சான் அதற்கப்புறம் மலை ஏறியதில்லை. லீவுக்கு வந்தால் புளியமரம் வரைக்கும் வருகிறான், ஒரு தூக்கு மோரோடும் குடையோடும் உட்கார்ந்துகொள்கிறான். ஏழு பதினாலுக்கு என் போன் அடிக்கும். எடுத்தால் வேறு பேச்சே கிடையாது, “மாமா, திரும்பிட்டீங்களா?”