சம்பா அறுவடை முடிந்ததும் குல்மார்க்: சமவெளிக்காரர்கள் பனிச்சறுக்கு கற்கச் செல்வது எப்படி

கும்பகோணம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 25 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காஷ்மீரத்தின் குல்மார்க் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அங்கிருந்து புறப்படும் கோண்டோலா என்ற கம்பிவட ஊர்தி, இரண்டு கட்டங்களாக ஏறி, அபர்வத் மலையில் ஏறக்குறைய 3,950 மீட்டரில் நம்மை இறக்கிவிடுகிறது. டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை அங்கே பனி நீடிப்பதற்கும், அதன் மேற்சரிவுகள் தேர்ந்தவர்களையே சோதிப்பதற்கும் இந்த உயரமே காரணம். வரப்பையும் ஆற்றுக்கரையையும் தவிர வேறு மேடு ஏறிப் பழகாத டெல்டாக்காரர் ஒருவர் அங்கே போய் ஒரு வாரத்தில் முறையாகச் சறுக்கக் கற்றுக்கொள்ள முடியுமா என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். முடியும். நாற்பது வயதைக் கடந்த பிறகு, இரண்டு குளிர்காலங்களில் அங்கே தங்கி நான் கற்றேன். சறுக்குவதற்கு முன்னால் நிற்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஒன்றை மட்டும் விடாப்பிடியாகக் கடைப்பிடித்தால் மற்றவை தாமாகப் பின்னால் வரும். கீழே சொல்லப்போகும் ஏற்பாடுகள் அனைத்தும் அதற்காகவே.

முதலில் காலத்தைப் பார்ப்போம். டிசம்பர் 21 முதல் நாற்பது நாட்களைக் காஷ்மீரிகள் சில்லை கலான் என்கிறார்கள், கடுங்குளிர் அப்போதுதான். ஆனால் அந்தச் சமயத்தில் நம் ஊரில் வடகிழக்குப் பருவமழையின் கடைசி மழையும் சம்பாக் கதிர் முற்றும் கவலையும் இருக்கும். பொங்கல் கழிந்து, நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போன பின், ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி முடியும் வரையுள்ள வாரங்கள் நமக்கும் தோது, மலைக்கும் தோது. பனி கனமாகப் படிந்திருக்கும், பகல் வெளிச்சமும் சற்று நீண்டிருக்கும். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும், மேற்கத்திய இடையூறுகள் என்று வானிலையாளர்கள் சொல்லும் புயல் அமைப்புகளே அங்கே பனியைக் கொட்டுகின்றன. அவை வராவிட்டால் பனியும் இல்லை. 2024 ஜனவரியில் குல்மார்க் புல்வெளி வெறும் பழுப்பு நிறத்தில் கிடந்ததை நாடே பார்த்தது. ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்குமா என்று பார்த்திருந்து பழகிய நமக்கு இந்த நிச்சயமின்மை புதிதல்ல. ஆகவே தேதியை மாற்றிக்கொள்ள இடம் தரும் பயணச்சீட்டையும் அறையையுமே பதிவு செய்யுங்கள்.

உடலைத் தயார் செய்ய எட்டு வாரங்களாவது வேண்டும். சறுக்கும்போது தொடையின் முன்தசைதான் முழுப் பாரத்தையும் தாங்குகிறது. அதுவும் நீட்டியபடியே தாங்குகிறது. படி ஏறுவதைவிடப் படி இறங்குவது இந்தத் தசையைச் சரியாகப் பழக்கும். சுவாமிமலைக் கட்டுமலையில் தமிழ் ஆண்டுகளின் பெயரால் 60 படிகள் இருக்கின்றன. அவற்றை நிதானமாக, முழங்கால் சற்று மடங்கியே இருக்க, பத்து முறை இறங்குங்கள். திருச்சிப் பக்கம் இருப்பவர்களுக்கு உச்சிப் பிள்ளையார் கோயிலின் நானூற்றுக்கும் மேற்பட்ட படிகள் இருக்கின்றன. வீட்டில் சுவரில் முதுகு சாய்த்து, நாற்காலி இல்லாமல் நாற்காலியில் அமர்ந்தது போல இரண்டு நிமிடம் இருந்து பழகுங்கள். மூச்சுக்குக் கொள்ளிடத்து மணலில் வேகநடை போதும். முழங்காலில் பழைய அடி இருப்பவர்களும், இதயத்துக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து உட்கொள்பவர்களும் மருத்துவரைப் பார்க்காமல் புறப்பட வேண்டாம்.

போகும் வழியில் அவசரம் கூடாது. திருச்சியிலிருந்தோ சென்னையிலிருந்தோ டெல்லி வழியாக ஸ்ரீநகருக்கு விமானத்தில் போகலாம். ரயிலை விரும்புபவர்கள் சென்னையிலிருந்து அந்தமான் எக்ஸ்பிரஸில் கத்ரா வரை சென்று, 2025 ஜூன் முதல் ஓடும் வந்தே பாரத் ரயிலில் செனாப் பாலத்தைக் கடந்து ஸ்ரீநகரை அடையலாம். ஸ்ரீநகர் சுமார் 1,585 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே ஓரிரவாவது தங்குவது உடலுக்கு ஒரு படிக்கட்டு போல உதவும். அங்கிருந்து குல்மார்க் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். கடைசி 13 கிலோமீட்டர் தங்மார்கிலிருந்து ஏறும் மலைச்சாலை. பனி பெய்தால் சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டிகளையோ நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகளையோ மட்டுமே விடுவார்கள். நம் ஊர் ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு இணைப்பு ஒன்றாவது கையில் இருக்கட்டும்.

குல்மார்க் சேர்ந்த அன்று எதுவும் செய்ய வேண்டாம். 2,500 மீட்டருக்கு மேல் சென்ற சிலருக்குத் தலைவலியும் குமட்டலும் தூக்கமின்மையும் வருவது இயல்பு. தண்ணீர் நிறையக் குடித்து ஓய்வெடுத்தால் ஓரிரு நாளில் தணியும். தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ காத்திருக்கக் கூடாது. அன்றே கீழே தங்மார்குக்கு இறங்கி மருத்துவ உதவி பெற வேண்டும். அறையில் புகாரி என்ற விறகடுப்பு எரிந்தால் ஜன்னலை ஒரு விரற்கடை திறந்தே வையுங்கள், ஏனெனில் அடைத்த அறையில் சேரும் கார்பன் மோனாக்சைடு மணமில்லாமலே உயிரைப் பறித்துவிடும். சாப்பாட்டுக் கவலை வேண்டாம்: காஷ்மீரிகளும் நம்மைப் போலச் சோறு உண்பவர்கள்தான். அவர்கள் நத்ரூ என்று சமைப்பது தாமரைத்தண்டு. வற்றலாக நாம் வறுத்துத் தின்பதையே அவர்கள் குழம்பாக்குகிறார்கள்.

உடையில் நம்மவர் செய்யும் பெரிய பிழை பருத்தி. நாற்றங்காலில் நனைந்த வேட்டி காலோடு ஒட்டிக்கொள்வது போல, வியர்வையில் நனைந்த பனியன் உடலோடு ஒட்டி வெப்பத்தை உறிஞ்சிவிடும். உடலை ஒட்டிக் கம்பளி அல்லது பாலியெஸ்டர் தெர்மல், அதன் மேல் ஃபிளீஸ் என்ற மென்மயிர்த் துணி, எல்லாவற்றுக்கும் மேல் நீர்புகா மேலுடை என மூன்று அடுக்கு போதும். வெயிலையும் குறைவாக எடைபோடாதீர்கள். புதுப்பனி புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியைத் திருப்பி அடிக்கிறது. மாநிறத் தோலும் கருகும், கண்ணாடி இல்லாத கண் இரவில் மணல் விழுந்தது போல உறுத்தும். கண்களை முழுவதும் மூடும் கண்ணாடியும் தலைக்கவசமும் கட்டாயம்.

காலில் மாட்டும் சறுக்குப் பலகையையும் பூட்ஸையும் வாடகைக்கே எடுங்கள். ஆனால் பூட்ஸை எடுக்கும்போது அரை மணி நேரம் செலவழிக்கத் தயங்க வேண்டாம். முதல் ஆண்டு ஒரு கடையில் எனக்கு இரண்டு அளவு பெரிய பூட்ஸைக் கொடுத்தார்கள். நான் அதை நிரப்ப இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறை அணிந்தேன். நாள் முழுவதும் குதிகால் உள்ளே எழும்பிக்கொண்டே இருந்ததால், நான் திரும்பச் சொன்ன பக்கம் பலகை திரும்பவில்லை. மாலையில் கட்டைவிரல் நகம் கறுத்துப்போயிருந்தது. மறுநாள் பயிற்சியாளர் பூட்ஸின் உள்ளுறையைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் ஓட்டுக்குள் என் காலை விடச் சொன்னார். விரல்கள் முன்சுவரைத் தொட, குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் அல்லது இரு விரல் இடைவெளி இருக்க வேண்டும். என் காலுக்குப் பின்னால் கை முழுவதும் நுழைந்தது. உள்ளுறையைத் திரும்பப் போட்டு நிமிர்ந்து நின்றால் விரல் நுனி லேசாகப் படும், முழங்காலை மடக்கினால் விலகும். அதுவே சரியான அளவு. காலுறை ஒன்றே ஒன்று. பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பிடிப்பானை உங்கள் எடை, உயரம், வயது, திறமை ஆகியவற்றைக் கேட்டுத்தான் முடுக்க வேண்டும். விழும்போது அது விட்டுக்கொடுக்காவிட்டால் முழங்கால் தசைநார் அறுந்துவிடும்.

இனி சறுக்குவது. கோண்டோலாவுக்குப் போகாமல், கீழே புல்வெளி மேட்டிலேயே முதல் மூன்று நாட்களைக் கழியுங்கள். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்தியப் பனிச்சறுக்கு மற்றும் மலையேற்ற நிறுவனம் குல்மார்கிலேயே இருக்கிறது. அங்கே இடம் கிடைத்தால் தனிப் பயிற்சியாளரைத் தேட வேண்டியதில்லை. பயிற்சியாளர்கள் முதலில் விளக்குவது, சரிவில் தடையின்றி உருளும் பொருள் எந்தத் திசையில் ஓடும் என்பதை. எங்கள் திருவிடைமருதூர்ப் பக்கம் இதற்கு ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: வாட்டம். கண்ணுக்கே தெரியாத சாய்வுள்ள வயலில், எந்த மூலையில் மடையைத் திறந்தால் தண்ணீர் எங்கே போய் நிற்கும் என்று பார்த்துப் பழகியவர்கள் நாம். பனிமேட்டின் மேல் நின்று, இங்கே ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினால் எந்த வழியில் இறங்கும் என்று மனத்துக்குள் பாருங்கள். பலகையை அந்த வாட்டத்துக்குக் குறுக்கே வரப்பு போல வைத்தால் நிற்பீர்கள். வாட்டத்தோடு வாய்க்கால் போல வைத்தால் ஓடுவீர்கள். ஒவ்வொரு திருப்பமும் இந்த இரண்டுக்கும் இடையில் நடப்பதுதான். இது மனத்தில் பதிந்த அன்றைக்கே என் பயத்தில் பாதி போய்விட்டது.

மேடேறுவதும் இதன்படியே. பலகைகளை வாட்டத்துக்குக் குறுக்கே வைத்து, மேட்டுப்பக்க விளிம்பு பனியில் வெட்டும்படி அழுத்தி, ஆற்றுக்கரையில் பக்கவாட்டில் ஏறுவது போல ஒவ்வோர் அடியாக ஏறுங்கள். இறங்கும்போது கலப்பை நிலை. இரு பலகைகளின் முன்முனைகளும் கூரைச் சட்டங்கள் முகட்டில் சேர்வது போல நெருங்கியிருக்க, வால்கள் அகன்றிருக்க வேண்டும்; முனைகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறக் கூடாது. குதிகால்களை வெளியே தள்ளி உள்விளிம்புகளை அழுத்தினால் பனி உழப்பட்டு வேகம் குறையும், மேலும் அகற்றினால் நிற்கும். வலது காலில் பாரம் கொடுத்தால் இடப்பக்கம் திரும்புவீர்கள். இடது காலில் கொடுத்தால் வலப்பக்கம். பயம் வந்ததும் உடல் பின்னுக்குச் சாயும், அதனால் முன்முனை பிடிப்பை இழந்து வேகம் கூடும். சேற்றில் நடக்கும்போது சற்று முன்னால் குனிவது போல, கணுக்காலுக்கு மேல் முன்னெலும்பு பூட்ஸின் நாக்கில் எப்போதும் அழுந்தியிருக்கட்டும். சொன்ன இடத்தில், சொன்ன கணத்தில், இருபது முறை தொடர்ந்து நிற்க முடிகிறதா என்று உங்களையே சோதியுங்கள். அதுவரை நீண்ட சரிவுக்குப் போக வேண்டாம்.

விழுவதைத் தவிர்க்க முடியாது. விழப்போகிறீர்கள் என்று தெரிந்தால் மேட்டுப்பக்கம் இடுப்பு படும்படி பக்கவாட்டில் உட்காருங்கள். கையை ஊன்றாதீர்கள், கையில் பிடித்திருக்கும் சறுக்குக் கோலையும் விட்டுவிடுங்கள், கோலின் வாரில் சிக்கும் கட்டைவிரல் எளிதில் பிசகும். எழும்போது பலகைகளை உடலுக்குப் பள்ளப்பக்கத்தில், வாட்டத்துக்குக் குறுக்காக வைத்துக்கொண்டு எழுங்கள்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ கோண்டோலாவின் முதல் கட்டத்தில், சுமார் 3,080 மீட்டரில் இருக்கும் கொங்டூரிக்குப் போகலாம். அங்கிருந்து கீழே வரும் பாதையில் பயிற்சியாளர் முன்னே போக, அவர் வளைந்த தடத்திலேயே வளைந்து வாருங்கள். சீட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடுவது நல்லது.

இரண்டாம் கட்டத்தைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அபர்வத்தின் மேற்பகுதி இயந்திரத்தால் சமன்படுத்தப்பட்ட தளமல்ல; மரமில்லாத திறந்த சரிவு. ஊர்தித் தடத்தை ஒட்டிய பகுதியை மட்டுமே ரோந்துக் குழு கண்காணிக்கிறது. அதற்கு வெளியே காற்று குவித்த பனி எந்நேரமும் பாளமாகப் பெயரலாம். பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகைச் சாய்வில் நிகழ்கின்றன. சறுக்குபவர்களை ஈர்ப்பதும் அதே சாய்வுதான். 2023 பிப்ரவரி 1 அன்று அபர்வத்தில் இரண்டு போலந்து நாட்டவர் இப்படித்தான் உயிரிழந்தனர். தேர்ந்தவர்களாயினும் வழிகாட்டி, இருப்பிடம் காட்டும் டிரான்ஸீவர், மண்வெட்டி, பனியைத் துளைத்துத் தேடும் கழி ஆகியவையும், கூட வருபவருக்கு அவற்றைப் பயன்படுத்தும் பழக்கமும் இல்லாமல் தடத்தை விட்டு விலகக் கூடாது. புதைந்தவரை முதல் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் எடுத்தாக வேண்டும், வெளியிலிருந்து உதவி அதற்குள் வந்து சேராது. பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் சண்டிகர் நிறுவனம் கணித்து, அரசு வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையைத் தினமும் காலையில் பார்த்துவிடுங்கள்.

முதல் ஆண்டுக்காரருக்கு அந்த உயரத்தைக் காணும் ஆசை இருந்தால் அதற்கும் வழி உண்டு. பலகையை அறையிலேயே வைத்துவிட்டு, போய்வரும் சீட்டு எடுத்து, காற்று அடங்கிய நாளில் முதல் ஊர்தியிலேயே ஏறுங்கள். பலத்த காற்றடித்தால் இரண்டாம் கட்டத்தை நிறுத்திவிடுவார்கள். மேலே மெல்ல நடங்கள், அரை மணி நேரத்துக்கு மேல் நிற்காதீர்கள். வானம் தெளிந்திருந்தால் வடக்கே 8,126 மீட்டர் உயர நங்க பர்வதம் தெரியும். பார்த்துவிட்டு அதே ஊர்தியில் உட்கார்ந்தபடியே கீழே இறங்குங்கள். பிற்பகலில் புல்வெளி மேட்டில் இன்னும் இரண்டு மணி நேரம் பழகுவதற்குக் காலில் வலு மிச்சமிருக்கும்.