ரைன் கரையில் கார் ஓட்ட ஒரு நாள்: எந்தக் கரை, எந்த நேரம்

ஜெர்மனியில் ரூடெஸ்ஹைமுக்கும் கோப்ளென்ஸுக்கும் நடுவே ரைன் ஆறு மலையைக் குடைந்துகொண்டு போகிறது. சுமார் 65 கிலோமீட்டர் தூரம், 2002 முதல் யுனெஸ்கோ பாரம்பரியப் பகுதி. கார் எடுத்தால் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும், ஆனால் அப்படி ஓட்டினால் பாதிக் கோட்டைகளைப் பார்க்கவே மாட்டீர்கள். நம் தலைக்கு மேலே மலையில் இருக்கும் கோட்டை நமக்குத் தெரியாது, எதிர்க்கரையில் இருப்பதுதான் தெரியும்.

அதனால் காலையில் ரூடெஸ்ஹைமிலிருந்து வலது கரையில், பி42 சாலையில் கிளம்புங்கள். கிழக்கு வெயில் எதிர்க்கரையில் நேராக விழும் நேரம் அது. ரைன்ஷ்டைன், ரைஷன்ஷ்டைன், ஸோனெக் என்று கோட்டைகள் ஒவ்வொன்றாக வரும். கௌப் என்ற ஊர் வந்ததும் வண்டியை ஓரங்கட்டி விடுங்கள். ஆற்றின் நடுவில், பாறைத் தீவின் மேல், கப்பல் மாதிரி கூர் மூக்கோடு ஒரு வெள்ளைக் கோட்டை நிற்கும். போகிற வருகிற படகுகளிடம் சுங்கம் வசூலிக்க 1327-ல் கட்டியது.

இந்தப் பகுதி முழுக்க ஆற்றுக்குப் பாலமே கிடையாது, காரோடு படகில்தான் அக்கரைக்குப் போக வேண்டும். கௌபிலேயே ஏறலாம், கையில் சில்லறை யூரோ வைத்துக்கொள்ளுங்கள். அக்கரையில் இடப்பக்கம் திரும்பினால் பாஹராக், மதியச் சாப்பாட்டுக்கு நல்ல ஊர். மேலே உள்ள ஷ்டாலெக் கோட்டை இப்போது இளைஞர் விடுதி, குறைந்த செலவில் கோட்டையில் தூங்கலாம். ஒன்று சொல்லிவிடுகிறேன்: இரு கரையிலும் ரயில் பாதை, ராத்திரியிலும் சரக்கு ரயில் ஓடும், எங்கே தங்கினாலும் பின்பக்க அறையாகக் கேளுங்கள்.

மதியத்துக்கு மேல் இடது கரையில் பி9 சாலை. இப்போது வெயில் அந்தப் பக்கம் மாறியிருக்கும், 132 மீட்டர் உயர லோரலை பாறையைப் பார்க்க இதுதான் நேரம். அப்புறம் பொப்பார்டில் மறுபடி படகு ஏறி பிரௌபாஹ் போய்விடுங்கள். அங்கிருக்கும் மார்க்ஸ்பர்க், இந்தப் பகுதியில் ஒருபோதும் இடிபடாத மலைக்கோட்டை. வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள். குதிரை ஏறப் பாறையில் செதுக்கிய படிகள் மேடும் பள்ளமுமாக இருக்கும், செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள்.

சரி, ஒயின்? இங்கே ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின்தான். செங்குத்துச் சரிவில் இருக்கும் பலகைக்கல் பகல் வெயிலை வாங்கி ராத்திரியில் திருப்பித் தருவதால்தான் இந்தக் குளிரிலும் திராட்சை பழுக்கிறது. வாசலில் துடைப்பமோ இலைக்கொத்தோ தொங்கினால் அந்த வீட்டுக்காரர் தன் சொந்த ஒயினை விற்கிறார் என்று அர்த்தம். ஓட்டுகிறவருக்கு ரத்தத்தில் ஆல்கஹால் 0.5 பெர்மில்தான் (ஆயிரத்தில் அரைப் பங்கு) வரம்பு, 21 வயதுக்குக் கீழே என்றால் துளியும் கூடாது. நான் திராட்சைச் சாறு வாங்கிக்கொண்டு, ஒயின் பாட்டிலை டிக்கியில் போட்டுவிடுவேன்.