ஓடாத எம்ஜிபி காரை வாங்கலாமா? முதல்முறை வாங்குபவர்களுக்கான செய்முறை விளக்கம்

பிரிட்டனில் யாரோ ஒருவரின் கொட்டகையில், தார்ப்பாய்க்கு அடியில், காற்றிறங்கிய டயர்களோடு நிற்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் அடிக்கடி கண்ணில் படுவது எம்ஜிபி. 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் தொழிற்சாலையில் 5 லட்சத்துக்கும் அதிகமாகத் தயாரானதால், ஓடும் வண்டிகளும் ஓடாத வண்டிகளும் இன்றும் சந்தைக்கு வந்தபடியே இருக்கின்றன. அப்படிப்பட்ட ஓடாத வண்டி ஒன்றை, விலை மலிவு என்ற ஒரே காரணத்துக்காக வாங்கிச் சீர்செய்ய நினைப்பவர்களுக்காக இந்த விளக்கத்தை எழுதுகிறேன். இங்கு இரண்டு வண்டிகளைச் சீர்செய்து, அதைவிட அதிகமான வண்டிகளைப் பார்த்துவிட்டு வாங்காமல் திரும்பியவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

தொடங்கும் முன்பே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வண்டி ஓடவில்லை என்றவுடன் நம் கவனம் முழுவதும் இன்ஜின் மீது போய்விடுகிறது. ஆனால் இந்தக் காரில் இன்ஜின்தான் மிக எளிதாகவும் மலிவாகவும் சரிசெய்யக்கூடிய பகுதி. எம்ஜிபியில் இருக்கும் 1798 சிசி இன்ஜின், நம் ஊர் அம்பாசடரில் பல ஆண்டுகள் ஓடிய 1489 சிசி இன்ஜினின் அதே பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. அம்பாசடரைப் பிரித்து மாட்டிய மெக்கானிக் எவரும் இதன் பானெட்டைத் திறந்தால் சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் சிரிப்பார். வாங்குவதா வேண்டாமா என்பதை முடிவு செய்வது இன்ஜின் அல்ல, துரு.

முதல் படி: கிளம்பும் முன் விசாரிப்பது

வண்டி எந்த ஆண்டு நின்றது, ஏன் நின்றது, அன்று முதல் எங்கே இருந்தது என்று விற்பவரிடம் தொலைபேசியிலேயே கேட்டுவிட வேண்டும். "கிளட்ச் போய்விட்டது, அதனால் நிறுத்திவிட்டேன்" என்பது நல்ல பதில். இந்தக் காரில் கிளட்ச் பிளேட்டை மாற்ற இன்ஜினையே வெளியே எடுக்க வேண்டியிருப்பதால், பலர் அந்த இடத்தில் மனம் தளர்ந்து நிறுத்திவிடுகிறார்கள். வண்டியின் மற்ற பகுதிகள் அப்போது நல்ல நிலையில்தான் இருந்திருக்கும். ஆண்டுப் பரிசோதனையில் தேறாததால் நின்றது என்றால், எதனால் தேறவில்லை என்பதை நாமே பார்த்துக்கொள்ளலாம். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் பகுதிகளில் 2005 முதல் நடந்த எம்ஓடி பரிசோதனை முடிவுகளை வண்டிப் பதிவெண்ணைக் கொண்டு அரசு இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்க முடியும். அதில் ஆண்டுக்காண்டு துரு பற்றிய குறிப்பு நீண்டுகொண்டே போயிருந்தால், பயணச் செலவு மிச்சம்.

வி5சி எனப்படும் பதிவு ஆவணம் விற்பவர் கையில் இருக்கிறதா, அதிலுள்ள எண் வண்டியில் உள்ள எண் தகட்டோடு பொருந்துகிறதா என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். ஆண்டையும் கவனியுங்கள். 1974 இலையுதிர் காலத்துக்குப் பின் வந்த வண்டிகளில் குரோம் பம்பருக்குப் பதிலாகக் கறுப்பு ரப்பர் பம்பர் இருக்கும், உயரமும் கூட்டப்பட்டிருக்கும். இரண்டுக்கும் சீர்செய்யும் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் முடித்தபின் சந்தையில் குரோம் பம்பர் வண்டிக்கே கூடுதல் விலை கிடைக்கிறது.

இரண்டாம் படி: கையில் எடுத்துச் செல்ல வேண்டியவை

டார்ச் விளக்கு, துணியில் சுற்றிய சிறு காந்தம், முனை மழுங்கிய திருப்புளி, ஸ்பார்க் பிளக் ஸ்பானர், தரையில் விரிக்க ஒரு பழைய பாய் ஆகியவை போதும். ஜாக்கியும் அதற்குத் துணையான தாங்கிகளும் இருந்தால் நல்லது. பகலில் போங்கள், மழை நாளைத் தவிர்த்துவிடுங்கள், நனைந்த பெயின்ட் எல்லாக் குறையையும் மறைத்துவிடும்.

மூன்றாம் படி: கதவுக்குக் கீழே பார்ப்பது

மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதற்கு நிகரான வேலை எம்ஜிபியில் இதுதான், ஆகவே இங்கே நேரத்தைத் தாராளமாகச் செலவிடுங்கள். சென்னை அருகே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு போன்ற கார்களுக்குத் தனியாக ஒரு இரும்புச் சட்டம் உண்டு. பாடி அதன்மேல் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும். எம்ஜிபிக்கு அப்படித் தனிச் சட்டம் கிடையாது, பாடியே வண்டியின் எலும்புக்கூடு. கதவுகளுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் பெட்டி போன்ற பகுதியை சில் என்பார்கள். வெளித்தகடு, நடுவில் ஒரு செங்குத்துத் தகடு, உள்தகடு, அடியில் ஒரு மடிப்புத் தகடு ஆகிய நான்கும் சேர்ந்துதான் வண்டி நடுவில் மடங்காமல் தாங்குகின்றன. கூரையில்லாத ரோட்ஸ்டர் வகையில் பாரம் இன்னும் அதிகமாக இதன்மேல் விழுகிறது.

முதலில் கதவை மூடி வைத்து, அதன் பின் விளிம்புக்கும் பின்பக்கப் பாடிக்கும் இடையிலுள்ள இடைவெளியை மேலிருந்து கீழ்வரை பாருங்கள். மேலே குறுகியும் கீழே அகன்றும் இருந்தால் வண்டி நடுவில் தொய்ந்திருக்கலாம். பிறகு விற்பவரின் அனுமதியோடு சில்லின் நடுவில் இருக்கும் ஜாக்கி இடத்தில் மரத்துண்டு வைத்து மெல்லத் தூக்கி, கதவை மறுபடி திறந்து மூடிப் பாருங்கள். முன்பு எளிதாக மூடிய கதவு இப்போது இடித்தாலோ, இடைவெளி கண்ணெதிரே மாறினாலோ, அந்த நான்கு தகடுகளில் உயிர் இல்லை. ஜாக்கி மேலே போகாமல் தகட்டுக்குள்ளேயே புகுந்தால் பரிசோதனை அத்தோடு முடிந்தது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் எக்காரணம் கொண்டும் தலையை நீட்ட வேண்டாம்.

அடுத்ததாக, காந்தத்தை சில்லின் வெளிப்புறம் நெடுகிலும் நகர்த்துங்கள். இரும்பில் சட்டென்று ஒட்டும் காந்தம், பட்டி பூசிய இடத்தில் வழுக்கி விழும். திருப்புளியின் கைப்பிடியால் தட்டினாலும் தெரியும்: நல்ல தகடு "ணங்" என்று ஒலிக்கும், பட்டி பார்த்த இடம் "பொத்" என்று அடங்கும். இதையே பானெட்டில் செய்துவிட்டுப் பதற வேண்டாம். தொடக்க ஆண்டு வண்டிகளின் பானெட் அலுமினியம், அதில் காந்தம் ஒட்டாது.

துருப்பிடித்த சில்லை முறையாக மாற்ற, முன் மட்கார்டின் கீழ்ப்பகுதியையும் பின்பக்கத்தின் கீழ்ப்பகுதியையும் வெட்டி எடுக்க வேண்டும். அந்த வேலைக்கு அஞ்சி, அழுகிய தகட்டின்மேலேயே புதுத் தகட்டைப் போர்த்தி வெல்டிங் வைத்து, கறுப்புத் தார்ப்பூச்சு அடித்துவிடுபவர்கள் உண்டு. நான் முதன்முதலில் பார்க்கப்போன வண்டி அப்படிப்பட்டதுதான். விற்பவர் அரை மணி நேரம் கார்புரேட்டரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். சில்லின் வெளிப்புறம் பளபளப்பாக இருந்தது, நானும் மகிழ்ந்துபோனேன். உடன் வந்த நண்பர் ஒன்றும் பேசாமல் உள்ளே இருந்த தரைவிரிப்பைத் தூக்கி, இருக்கைக்கு ஓரமாக உள்தகட்டில் திருப்புளியை வைத்து அழுத்தினார். ரஸ்க்கை உடைத்ததுபோல் ஒரு சத்தம், திருப்புளி கைப்பிடிவரை உள்ளே போயிற்று. ஆகவே வெளியே எவ்வளவு அழகாக இருந்தாலும் தரைவிரிப்பைத் தூக்காமல் விலை பேசாதீர்கள்.

இதே கையோடு இருக்கைகளுக்குப் பின்னாலுள்ள பேட்டரிப் பெட்டிகளையும், அவற்றை ஒட்டிப் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கின் முன்முனை மாட்டியிருக்கும் இடத்தையும் அடியிலிருந்து பாருங்கள். பழைய வண்டிகளில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் அங்கேதான் இருந்தன, சிந்திய ஆசிட் வேலையைக் காட்டியிருக்கும். தரைத் தகடு ஓட்டையாவது பெரிய விஷயமல்ல; ஸ்பிரிங் மாட்டும் இடம் போயிருந்தால் அது பெரிய வேலை.

நான்காம் படி: இன்ஜின் சுற்றுகிறதா என்று பார்ப்பது

நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிவிட்டு, நான்காவது கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். விசிறி சுற்றினால் இன்ஜின் இறுகவில்லை. சுற்றவில்லை என்றாலும் எல்லாம் முடிந்துவிட்டதாகப் பொருளில்லை. பிளக் துளைகள் வழியாகத் துரு இளக்கும் எண்ணெயை விட்டுச் சில நாள் ஊறவைத்தால் இளகும் இன்ஜின்கள் பல. ஆனால் விலை பேசும்போது இன்ஜின் முழுமையாகப் பிரிக்க வேண்டியது என்றே கணக்கில் கொள்ளுங்கள். ஆயில் மூடியின் உள்பக்கம் மோர்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்க வாய்ப்புண்டு. இன்ஜின் பக்கவாட்டில் உள்ள வட்ட அடைப்புகள் பிதுங்கியிருக்கின்றனவா என்றும் பாருங்கள், குளிர்காலத்தில் உறைந்த தண்ணீர் அவற்றைத் தள்ளியிருக்கும்.

"பேட்டரி கொடுத்து ஒருமுறை ஸ்டார்ட் செய்து காட்டுகிறேன்" என்று விற்பவர் ஆர்வமாக முன்வந்தால் தடுத்துவிடுங்கள். 1967 வரை வந்த வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருந்தது. இன்றைய வழக்கப்படி கேபிளை மாட்டினால் மின்கருவிகள் போய்விடும். ஆண்டுக்கணக்கில் தேங்கிய பெட்ரோல் வார்னிஷ் நாற்றத்தோடு டேங்கில் கெட்டியாகிக் கிடக்கும், அதை இன்ஜினுக்குள் இழுப்பதும் நல்லதல்ல.

ஐந்தாம் படி: என்ன இல்லை என்று எண்ணுவது

முழுதாக நிற்கும் துருப்பிடித்த வண்டியை விட, யாரோ பாதி பிரித்துப் பெட்டிகளில் போட்டுவைத்த வண்டி ஆபத்தானது. பிரித்தவருக்கு மட்டுமே எது எங்கே என்று தெரியும், சில மாதங்களில் அவருக்கும் மறந்துவிடும். ஒரு நல்ல செய்தி, இந்தக் காருக்கு உதிரிபாகத் தட்டுப்பாடு மிகக் குறைவு. பழைய அச்சுகளைக் கொண்டே முழு பாடியையும் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் 1988 முதல் மறுபடி தயாரித்தது. ஆனால் எல்லாம் கிடைக்கும் என்பது எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டே இருக்கலாம் என்பதும்தான். குரோம் பட்டை, மீட்டர்கள், மடக்குக் கூரையின் சட்டம், கண்ணாடிகள் ஆகியவை இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: கணக்குப் போடுவது

அதே ஆண்டின் ஓடும் வண்டி ஒன்று என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்து, அதிலிருந்து பின்னோக்கிக் கழியுங்கள். உதாரணமாக, அது 9,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். சில், வெல்டிங், பெயின்ட் ஆகியவற்றுக்கு 5,000, இன்ஜினுக்கு 1,500, பிரேக், டயர், உள்அலங்காரத்துக்கு 2,000 என்று போட்டால், 500 பவுண்டுக்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டும் பொழுதுபோக்குக்காகக் கொடுப்பது. பொழுதுபோக்குக்குப் பணம் செலவழிப்பதில் தவறில்லை, தெரிந்து செலவழித்தால் சரி. இதில் உங்கள் உழைப்பு சேரவில்லை என்பதையும் பாருங்கள். சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம் என்பது இந்தத் தொழிலுக்கே சொன்னதுபோல் இருக்கும்.

என் தனிப்பட்ட அளவுகோல் இது: சில் நன்றாக இருந்து இன்ஜின் இறுகியிருந்தால் வாங்குவேன். சில் அழுகி இன்ஜின் பாட்டுப் பாடினாலும், எனக்கு வெல்டிங் தெரியாத காலத்தில் வாங்கியிருக்க மாட்டேன். வெல்டிங் தெரிந்து, கூரையுள்ள கராஜும் இருப்பவர் வேறு முடிவுக்கு வரலாம்.

ஏழாம் படி: வீட்டுக்குக் கொண்டுவருவது

நீண்ட நாள் நின்ற வண்டியில் பின்சக்கர பிரேக் டிரம்மோடு ஒட்டியிருக்கும். ஹேண்ட் பிரேக்கை விடுவித்தாலும் உருளாது. விஞ்ச் உள்ள டிரெய்லரையே ஏற்பாடு செய்யுங்கள், டயருக்குக் காற்றடிக்கும் பம்பும் ஒரு சுத்தியலும் கூட இருக்கட்டும். வண்டியோடு வரும் பெட்டிகள், ரேடியேட்டர், உபரி கதவு என்று சொன்ன அனைத்தையும் அன்றே ஏற்றிக்கொள்ளுங்கள். "மீதியை அடுத்த வாரம் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்று விற்பவர் சொன்ன ஒரு மரப்பெட்டிக்காக நான் மூன்று முறை போய்வந்தேன். மூன்றாம் முறை அந்தக் கொட்டகையே அங்கு இல்லை.