கடைந்த மரச்சாடி காய்ந்ததா? நிறுத்துப் பாருங்கள்

பச்சை மரத்தில் பரிசுக்குச் சாடி கடைபவர்கள், உள்ளே குடைந்ததும் அதைச் சமையலறைத் தராசில் வைத்து, எடையையும் தேதியையும் அடியில் பென்சிலால் எழுதிவிடுங்கள். வாரம் ஒருமுறை நிறுங்கள். எடை குறைவது நின்ற பிறகுதான் இறுதிக் கடைசலும் அரக்கு வேலையும். ஈரமானி வாங்கும் காசு மிச்சம்.

மரம் காயும்போது அதன் வளர்ச்சி வளையங்களின் போக்கில் சுருங்குவது, அவற்றுக்குக் குறுக்கே சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. அதனால் வட்டம் நீள்வட்டமாகும். முதல் கடைசலில் சுவரை விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கனமாக விட்டால், அதாவது 20 செ.மீ. சாடிக்கு 2 செ.மீ., மறுபடி வட்டமாக்க மரம் இருக்கும். அதுவரை பத்திரிகைத் தாளில் சுற்றிவையுங்கள், மெதுவாகக் காய்ந்தால் வெடிப்புக் குறையும். கொழும்புப் புழுக்கத்தில் தாள் நமுத்தால் உடனே மாற்றுங்கள், இல்லையென்றால் பூஞ்சணம் பிடித்துப் பலாவின் அந்த அழகான மஞ்சளே கெட்டுவிடும். அடைமழை வாரத்தில் எடை கொஞ்சம் ஏறவும் செய்யும். ஒரு வார அளவை மட்டும் நம்ப வேண்டாம்.

மரக்காலையில் வாங்கிய நன்கு காய்ந்த பலகைக்கோ, பழைய தளபாட மரத்துக்கோ இதெல்லாம் தேவையில்லை. கனடாவுக்கு அனுப்பும் பரிசென்றால் இது மட்டும் போதாது. அங்கே குளிர்காலத்தில் சூடேற்றிய வீட்டின் வறண்ட காற்றில் மரம் மேலும் சுருங்கும், மூடியைச் சற்றுத் தளர்வாகவே கடையுங்கள்.